கலாபகோஸ்: கப்பலா, கரையா?

கலாபகோஸ் போகத் திட்டமிடுகிறவர் முதல் வாரத்திலேயே இரண்டு கட்சிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார். கப்பலிலேயே தங்கித் தீவு தீவாகச் சுற்றினால்தான் கலாபகோஸைப் பார்த்ததாக அர்த்தம் என்பது ஒரு கட்சி. ஊரில் அறை எடுத்துப் பகல் படகுகளில் போய்வந்தால் போதும், செலவு குறைவு, உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்பு, தீவுகளுக்கும் நல்லது என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறைய வியாபாரமும் உண்டு.

கப்பல் கட்சியின் வாதத்தை முதலில் பார்ப்போம். எக்வடோர் கரைக்கு மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டரில் இருக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தின் நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா. சாந்தா குரூஸ், சான் கிறிஸ்டோபால், இசபெலா, சின்னஞ்சிறு ஃப்ளோரியானா ஆகியவற்றில்தான் ஊர்கள். கப்பல் இரவில் ஓடி விடியலில் இறங்குதுறையில் நிற்கும். பகல் படகில் புறப்பட்டவர் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். இது கப்பலின் நியாயமான பலம்.

ஆனால் கப்பலில் போனால்தான் காணக்கிடைக்கும் என்று நீட்டப்படும் பட்டியலைச் சரிபார்த்தால் அது வேகமாகச் சுருங்குகிறது. அலையோட்ட அல்பட்ராஸ் ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கூடு கட்டும் எஸ்பன்யோலாவுக்குச் சான் கிறிஸ்டோபாலிலிருந்து பகலில் போய் வரலாம். சான் கிறிஸ்டோபாலின் கிழக்கு முனையான புந்தா பிட்டில் சிவப்புக்கால் பூபியும் நீலக்கால் பூபியும் சேர்ந்தே கிடைக்கும். ராட்சத ஆமைகள் சாந்தா குரூஸின் மேட்டுநிலப் பண்ணைகளில் மேய்கின்றன. கப்பல் பயணிகளையும் பேருந்தில் ஏற்றி அங்கேதான் கொண்டுவருகிறார்கள். அதே தீவின் ஊரான புவெர்த்தோ அயோராவின் மீன் கடையில் கடற்சிங்கம் வாடிக்கையாளரைப் போல வரிசையில் நிற்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது.

கழித்துப் பார்த்தால் கப்பலுக்கென்று தனியாக மிஞ்சுவதில் பெரியது மேற்குப் பகுதி: ஃபெர்னாண்டினாவும் இசபெலாவின் மேற்குக் கரையும். அதை நான் லேசாக எடைபோட மாட்டேன். பசிபிக்கின் ஆழத்தில் கிழக்கு நோக்கி ஓடும் குரோம்வெல் நீரோட்டம் இந்தக் கரைகளில் மோதி, சத்து நிறைந்த குளிர்ந்த நீரை மேலே தள்ளுகிறது. நிலநடுக்கோட்டில் பெங்குயின் வாழ முடிவது அதனால்தான். இரை காலடியிலேயே கிடைத்ததாலும், வேட்டையாடும் விலங்கு கரையில் இல்லாததாலும் பறப்பதையே விட்டுவிட்ட நீர்க்காகம், உலகில் இங்கே தவிர வேறெங்கும் இல்லை. ஃபெர்னாண்டினாவில் ஊர் இல்லை. வெளியிலிருந்து வந்த எலி, ஆடு, பூனை எதுவும் காலூன்றவில்லை. இறங்க அனுமதியுள்ள புந்தா எஸ்பினோசாவில் எரிமலைப் பாறை தெரியாத அளவுக்குக் கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பல ஆயிரம் டாலர் செலவுக்கு ஒரு தீவு ஈடு கொடுக்க முடியுமென்றால் அது இதுதான்.

இங்கேதான் வாங்குபவர் ஏமாறுகிறார். 2012 முதல், எந்தக் கப்பலும் 14 நாளுக்குள் ஒரே இடத்துக்குத் திரும்பக் கூடாது என்பது பூங்காவின் விதி. ஆகவே ஒரே கப்பல் ஒரு வாரம் மேற்கே போகும், மறு வாரம் வேறு திசையில் போகும். விளம்பரப் படத்தில் நீர்க்காகம் இருக்கும். நீங்கள் பணம் கட்டிய வாரத்தில் அது இருக்காது. கப்பலின் பெயரையும் அறையின் அகலத்தையும் விசாரிக்கும் நேரத்தில் வழித்தடத்தை விசாரிப்பது உத்தமம். நீச்சல்குளம் உள்ள கப்பலைத் தேடுபவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல, சுற்றிலும் கடல்தானே.

நான்கு நாள் கப்பல் பயணம் இரண்டு தரப்பின் குறைகளையும் சேர்த்து விற்கிறது. முதல் நாளின் பாதி விமானத்தில் போகும். கடைசி நாள் காலையிலேயே இறக்கிவிடுவார்கள். நடுவே கிடைக்கும் நாட்களிலும் பல கப்பல்கள் பகல் படகுகள் போகிற நடுத்தீவுகளையே சுற்றுகின்றன.

இனி கரைக் கட்சியின் அறவாதம். உணவகம், படகு, சிறு விடுதி என்று பணம் ஊருக்குள் இறங்குவது மெய்தான். தீவுகளுக்கு நல்லது என்பதுதான் தேறாது. கப்பல்களில் மொத்தப் படுக்கைகளுக்கு நெடுங்காலமாகவே வரம்பு உண்டு. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. வரம்பில்லாமல் பெருகியது கரையில் தங்கும் கூட்டம்தான். 2023இல் வந்தவர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களுக்கான அரிசியும் சிமென்டும் கண்டத்திலிருந்து வருகின்றன. அயல் உயிர்கள் வருவதற்கும் சரக்குதான் முக்கிய வழி. புழுப்பருவத்தில் ஃபிஞ்ச் குஞ்சுகளின் இரத்தம் குடிக்கும் ஃபிலோர்னிஸ் ஈயும் வெளியிலிருந்து வந்ததுதான். சுமார் நூறு பறவைகளே மிஞ்சியுள்ள சதுப்புநில ஃபிஞ்சை அதுவும் அழித்துக்கொண்டிருக்கிறது. 2007 முதல் 2010 வரை யுனெஸ்கோ இத்தீவுகளை ஆபத்துப் பட்டியலில் வைத்ததற்கு அயல் உயிர்களும் சுற்றுலாப் பெருக்கமும் காரணங்கள். 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 ஆனதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரையில் தங்குவதற்குச் சிக்கனம் போதுமான காரணம்; புண்ணியக் கணக்கு எழுத வேண்டாம்.

கடல் குமட்டலுக்குப் பயந்து கரையைத் தேர்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தீவுகளுக்கிடையே இரண்டு மணி நேரம் குதித்துக் குதித்து ஓடும் விசைப்படகு, கப்பலைவிட வயிற்றைக் கலக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எட்டு நாளும் பணமும் இருந்தால், 16 பேர் ஏறும் சிறு கப்பலில் மேற்குச் சுற்று. மே கடைசி அல்லது ஜூன். பூங்கா விதிப்படி ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர் என்பதால் பெரிய கப்பலிலும் குழு சின்னதுதான், ஆனால் எல்லாக் குழுவும் கரையேறி முடிய நேரமாகும். மேற்குச் சுற்று கிடைக்காவிட்டால் கப்பலையே மறந்துவிடலாம். கரைப் பயணத்தில் சாந்தா குரூஸ், சான் கிறிஸ்டோபால், இசபெலா என்ற மூன்று தீவுகளையும் ஒரு வாரத்தில் தொட்டுவிட எல்லோரும் முயல்கிறார்கள். சான் கிறிஸ்டோபாலிலிருந்து படகில் இசபெலா போகச் சாந்தா குரூஸில் இறங்கிப் படகு மாற வேண்டும், அதில் ஒரு பகல் போய்விடும். நான் இசபெலாவை விட்டுவிடுவேன். விமானத்தில் சான் கிறிஸ்டோபாலில் இறங்கி எஸ்பன்யோலா, புந்தா பிட், கிக்கர் பாறை, பிறகு ஒரே ஒரு விசைப்படகில் சாந்தா குரூஸ், அங்கே ஆமைகளும், பெங்குயினுக்காகப் பகல் படகில் பார்த்தலோமே தீவும், திரும்புவது பால்ட்ரா விமான நிலையத்திலிருந்து.