வாய் திறவாத 205 பேர்

சவ்வாது மலைமீது, திருப்பத்தூர் மாவட்டத்திலே, புதூர்நாடு என்றோர் ஊராட்சி உண்டு. நெல்லிவாசல்நாடும் புங்கம்பட்டுநாடும் அதற்கு அண்டை. சாமை விளையும் மண். பலாவும் புளியும் தேனும் தரும் மண். அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்வதால் வந்த பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். அண்மையில் அங்கே நாம் சென்றிருந்தபோது, பேச்சு ஊராட்சிச் சட்டத்தின் பக்கம் திரும்பிற்று. முதியவர் ஒருவர் கேட்டார்:

"எங்க தலைவரு தப்புப் பண்ணா கலெக்டரு எடுத்துப்புடலாம்னு சொல்றாங்க. டில்லியில ஒக்காந்திருக்கிற பெரிய ஆளுங்க தப்புப் பண்ணா, யாருங்கய்யா எடுக்கிறது?"

சட்டக் கல்லூரியில் கேட்கவேண்டிய கேள்வி, சாமைக்களத்தில் கேட்கப்பட்டது.

முதியவர் சொன்னதில் பிழையில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 205ஆம் பிரிவு அதைத்தான் கூறுகிறது. ஊராட்சித் தலைவர்மீது புகார் எழுந்தால் மாவட்ட ஆட்சித்தலைவர் விளக்கம் கேட்பார். வட்டாட்சியர் வந்து மன்றத்தைக் கூட்டி உறுப்பினர் கருத்தைக் கேட்பார். அக்கருத்தைப் பார்த்தபின், நீக்குவதா விடுவதா என்று ஆட்சித்தலைவரே முடிவு செய்வார். மக்கள் தேர்ந்த தலைவரை, மக்கள் தேராத அதிகாரி நீக்கலாம்! ஆனால் மக்கள் தேர்ந்த மன்றம் ஒரு பெரும்பதவியாளரை நீக்க முனைந்தபோது என்ன ஆயிற்று? அந்தக் கதையைத்தான் முதியவருக்குச் சொன்னோம்.

உச்சநீதிமன்ற நீதிபதி வி. இராமசாமி. நம் தமிழ்நாட்டவர். சென்னை உயர்நீதிமன்றத்தில் அமர்ந்து, பின்னர் 1987இல் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி, 1989இல் உச்சநீதிமன்றம் ஏறியவர். சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில், அரசு இல்லத்திற்கு விரிப்பும் இருக்கையும் பிற பொருள்களும் வாங்க மக்கள் பணத்தை வரம்பு கடந்து செலவிட்டார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். 1991இல் மக்களவை உறுப்பினர் 108 பேர் ஒப்பமிட்டு, அவரை நீக்கத் தீர்மானம் கொடுத்தனர். அவைத்தலைவர் ரபி ராய் அதை ஏற்று, நீதிபதிகள் சாவந்த், தேசாய், சின்னப்ப ரெட்டி ஆகிய மூவரைக் கொண்ட குழுவை அமைத்தார். மறுநாளே மக்களவை கலைந்தது. அவை கலைந்தாலும் தீர்மானம் கலையாது என்று உச்சநீதிமன்றமே 1991 அக்டோபரில் கூறவேண்டியதாயிற்று. 1992இல் குழு அறிக்கை தந்தது: 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டன.

1993 மே 10, 11 ஆகிய நாள்களில் மக்களவை கூடிற்று. சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். நீதிபதியின் சார்பில் வழக்கறிஞர் கபில் சிபல் அவையின் முன்னின்று, குற்றச்சாட்டுகளை மறுத்து மணிக்கணக்கில் வாதாடினார். பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு 196. எதிர்ப்பு? ஒன்றுகூட இல்லை! எஞ்சிய 205 பேர், காங்கிரசும் அதன் தோழமையினரும், இருக்கையில் இருந்தபடியே வாக்களியாது விட்டனர்.

இந்த இடத்தில் முதியவர் குறுக்கிட்டார். "எதிர்த்து ஒருத்தருமில்ல, அப்புறம் எப்படிங்க தோத்துது?"

எப்படி என்றால், அரசியலமைப்பின் 124ஆம் பிரிவு இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அத்துடன் அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும் ஆதரிக்க வேண்டும். ஈரவைகளிலும் இவ்வாறே. முதல் அளவுகோலின்படி, வாக்களித்தவர் அத்தனை பேரும் நீக்குக என்றனர். இரண்டாவது அளவுகோலில்தான் தீர்மானம் வீழ்ந்தது. ஆகவே, "குற்றமற்றவர்" என்று கூறும் துணிவு ஒருவருக்கும் இல்லாமலே, குற்றமற்றவர் பெறும் பயனை அவர் பெற்றார். 1994 பிப்ரவரியில் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றார். 1999இல் சிவகாசித் தொகுதியில் தேர்தலிலும் நின்று தோற்றார் என்பது தனிக்கதை.

நம்மவரில் சிலர் இங்கே முகம் சுளிப்பர். "தென்னாட்டவர் என்பதால் வடவர் வேட்டையாடினர், தமிழனைத் தமிழனே குறை கூறலாமா?" என்பர். அன்றும் இப்பேச்சு எழுந்தது. வடவர் ஆதிக்கத்தை எதிர்ப்பதில் நாம் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால் கணக்கேட்டில் உள்ள செலவுக்கு வடக்கேது, தெற்கேது? நம்மவன் என்பதற்காகக் கண்ணை மூடுவோமானால், சாதிக்காரன் என்பதற்காகக் கண்ணை மூடுவோனை எந்த வாயால் கண்டிப்போம்? சிலப்பதிகாரத்தைப் போற்றும் இனம் நாம். மதுரை அவையில் கண்ணகி சிலம்பை உடைத்தாள், பரல் தெறித்தது, பாண்டியன் தன் பிழையைத் தானே அறிவித்து உயிர் விட்டான். அவன் வாளாவிருந்திருந்தால் அந்தக் காப்பியமே இல்லை.

வெள்ளையன் நாட்டுக்கும் சற்றே செல்வோம். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்து திரும்பிய வாரன் ஹேஸ்டிங்சின்மீது, எட்மண்ட் பர்க் குற்றம் சாட்டினார். 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல் முடிந்தது. ஏழாண்டு இழுத்தடிப்பு! முடிவில் விடுதலை. அதைப் புகழ்வதற்காக இங்கே கூறவில்லை. ஆயினும் அங்கே ஒரு முறை இருந்தது. தீர்ப்பு நாளன்று பிரபுக்கள் ஒவ்வொருவராக எழுந்து, தம் மானத்தின்மீது ஆணையிட்டு, குற்றவாளி என்றோ அல்லர் என்றோ வாய்விட்டுச் சொல்லவேண்டும். 29 பேர்தாம் கலந்துகொண்டனர். அந்த 29 பேரும் சொன்னார்கள். விடுதலை செய்தவன் யார் என்பது ஊருக்குத் தெரிந்தது.

அப்படியானால் நீக்குவதை எளிதாக்கிவிடலாமா? ஆகாது. இலங்கையைப் பாருங்கள். தலைமை நீதியரசர் சிராணி பண்டாரநாயக்காவை 2013 சனவரியில் நாடாளுமன்றம் 155க்கு 49 என்ற வாக்கில் நீக்கச் சொல்லிற்று. நாடாளுமன்றக் குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்ற பின்னரும், ஆட்சியாளர் அவரை அகற்றினர். 2015இல் ஆட்சி மாறியதும் அந்த நீக்கமே செல்லாதென அறிவிக்கப்பட்டு, அவர் மீண்டும் அமர்ந்து, மறுநாள் ஓய்வு பெற்றார். பெரும்பான்மை கையிலிருந்தால் எந்த நீதிபதியையும் தூக்கி எறியலாம் என்ற நிலை, நாளை நமக்காகத் தீர்ப்பெழுதும் நேர்மையாளனையே முதலில் தாக்கும். எனவே பூட்டு வலுவாகவே இருக்கட்டும். பூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருக்கலாகாது என்பதே நம் வாதம். அவைக்கு வந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, ஆம் அல்லது இல்லை என்று கூறட்டும்.

இன்னொரு புழைக்கடை வாயிலும் உண்டு. அது விலகல் கடிதம். கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க 2011 ஆகஸ்டில் மாநிலங்களவை வாக்களித்தது. மக்களவை தொடுமுன் அவர் விலகிவிட்டார். நம் மண்ணைச் சேர்ந்த நீதிபதி பி. டி. தினகரன், திருவள்ளூர் மாவட்டத்துக் காவேரிராசபுரத்தில் பொது நிலத்தை வளைத்துக்கொண்டார் என்ற புகார் எழுந்தது. அவர் அதை மறுத்தார். குழு அமைந்தது, குற்றச்சாட்டுகள் வரையப்பட்டன, 2011 சூலையில் அவர் விலகினார். நிலம் யாருடையது, வளைத்தது உண்மையா, பழிச்சொல்லா? நீக்க விசாரணை அந்த விடையைத் தராமலே நின்றது. குற்றமுடையவராயின் தப்பினார், குற்றமற்றவராயின் கறையைத் துடைக்க வழியின்றிப் போனார். இரண்டில் எதுவானாலும் ஏமாந்தவர் அந்த ஊரின் ஏழை மக்கள். விலகல் கடிதம் வந்தாலும் தொடங்கிய விசாரணை முடிந்து, அறிக்கை அவையின் மேசைக்கு வந்தே தீரவேண்டும் என 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்க்கக் கேட்கிறோம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த புதூர்நாட்டு முதியவர், 205 என்ற எண்ணை மட்டும் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டார். "எங்க தலைவர எடுக்கிற சட்டத்துக்கும் அதே நம்பருங்களா?" என்றார். ஆம் என்றோம்.