ஒரு கட்டம், இரண்டு விடைகள்: 1996 அமெரிக்கத் தேர்தல் நாள் குறுக்கெழுத்துப் புதிர்

குறுக்கெழுத்துப் புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் பொருந்தி, இரண்டுமே கட்டத்தில் அடங்கிவிட்டால் அமைத்தவர் கவனிக்கத் தவறிவிட்டார் என்றுதான் சொல்வோம். 1996 நவம்பர் 5 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்த புதிர் இந்த விதியைத் தெரிந்தே மீறியது. அதன் நடுவரிசைக்கு இரண்டு விடைகள். இரண்டும் சரி. இருந்தும் அது சிறந்த புதிராக இன்றளவும் பேசப்படுகிறது. குறையாக இருக்க வேண்டிய ஒன்று அங்கே எப்படி நிறையானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

குறுக்கெழுத்துப் புதிரின் இன்றைய வடிவத்துக்கு முன்னோடி, ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு இதழில் வெளியிட்ட புதிர். அது வைர வடிவில் இருந்தது. நியூயார்க் டைம்ஸ் 1942-இல் ஞாயிறு இதழில் புதிரைத் தொடங்கி, 1950 முதல் நாள்தோறும் வெளியிட்டு வருகிறது. வார நாள் புதிருக்கு 15 வரிசை, 15 நிரை. திங்கட்கிழமைப் புதிர் எளிது. நாள் செல்லச் செல்லக் கடினமாகி, சனிக்கிழமை மிகக் கடினமாக இருக்கும்.

அமெரிக்கப் புதிரில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு சொற்களில் இடம்பெறும். இடமிருந்து வலமாக ஒன்று, மேலிருந்து கீழாக இன்னொன்று. ஆகவே ஒரு சொல்லைத் தவறாக எழுதினால் அதைக் குறுக்கே வெட்டும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். நம் வார இதழ்களின் சிறு புதிர்களில் பல எழுத்துகளுக்கு இந்தச் சரிபார்ப்பு கிடையாது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வாரத்தின் முதல் நான்கு நாள் புதிர்களில் பெரும்பாலும் ஒரு கருப்பொருள் இருக்கும். நீளமான சில விடைகள் ஏதேனும் ஒரு தொடர்பால் கட்டப்பட்டிருக்கும். சிறு சொற்களை நிரப்பிக்கொண்டே போகும்போது அந்தத் தொடர்பு மெல்லப் புலப்படுவதே இவ்வகைப் புதிரின் இன்பம்.

நாம் பார்க்கும் புதிரை அமைத்தவர் ஜெரமையா ஃபாரெல். இண்டியானாபொலிஸ் நகரின் பட்லர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1993 முதல் புதிர்ப் பகுதியின் ஆசிரியராக இருக்கும் வில் ஷார்ட்ஸ் அதை வெளியிட்டார். அன்று செவ்வாய்க்கிழமை, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். பதவியில் இருந்த பில் கிளிண்டனை எதிர்த்து பாப் டோல் போட்டியிட்டார். புதிர் காலையில் வாசகர் கைக்கு வந்தபோது யார் வெல்வார் என்பது யாருக்கும் தெரியாது.

புதிரை விடுவித்தல்

மேல் பகுதியில் வரிசை முழுவதையும் அடைக்கும் ஒரு விடை. குறிப்பு, முன்கூட்டிச் சொல்லுதல். விடை, ‘பிராக்னாஸ்டிகேஷன்’. ஆங்கிலத்தில் சரியாக 15 எழுத்துகள். கருப்பொருளின் முதல் தடம் இது.

நடுவரிசைக்கு வருவோம். இடமிருந்து வலம் 39-ஆம் குறிப்பு, 43-ஆம் விடையோடு சேர்த்து, நாளைய செய்தித்தாளின் முதன்மைச் செய்தி என்ன என்று கேட்கிறது. ஒரு வியப்புக்குறியும் போடப்பட்டிருக்கிறது. 43-இன் விடை ‘எலெக்டெட்’, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கு ஏழு எழுத்து. 39-க்கும் ஏழு எழுத்து. இடையில் ஒரு கறுப்புக் கட்டம். 7, 1, 7 ஆகியவற்றைக் கூட்டினால் 15. வரிசை கச்சிதமாக நிறைகிறது.

‘கிளிண்டன்’ என்பது ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. ‘பாப் டோல்’ என்பதும் ஏழு எழுத்து. கிளிண்டன் என்று எழுதியவர், குறுக்கே வெட்டும் ஏழு சொற்களைக்கொண்டு சரிபார்க்கிறார். ஏழும் பொருந்துகின்றன. அடுத்த வீட்டுக்காரர் பாப் டோல் என்று எழுதிச் சரிபார்க்கிறார். அவருக்கும் ஏழும் பொருந்துகின்றன.

கீழ்ப்பகுதியில் 15 எழுத்தில் இன்னொரு விடை. அடுத்த ஆண்டு 39-இல் உள்ளவரை எப்படி அழைப்பார்கள் என்பது குறிப்பு. விடை, ‘மிஸ்டர் பிரசிடென்ட்’. யார் வென்றாலும் இதுவும் பொருந்தும்.

ஏழு குறிப்புகள்

புதிரின் உயிர் நடுவரிசையைக் குறுக்கே வெட்டும் ஏழு குறிப்புகளில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள். முதலில் வருவது கிளிண்டனுக்கு, அடுத்தது டோலுக்கு.

1. ஹாலோவீன் நாளின் கறுப்பு விலங்கு: ‘கேட்’ (பூனை), ‘பேட்’ (வௌவால்).
2. பிரெஞ்சு மொழியின் தொடக்கப் பாடத்தில் வரும் சொல்: ‘லுயி’ (அவனை), ‘உயி’ (ஆம்).
3. தாங்கிப் பிடிப்பது, சுருக்கமாக: ‘ஐ.ஆர்.ஏ.’ என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு, ‘பிரா’ என்னும் உள்ளாடை.
4. தையல் பொருள் கடையில் வாங்குவது: ‘யார்ன்’ (நூல்), ‘யார்ட்’ (கெஜம்).
5. சிறு எழுத்துகள்: ‘பிட்ஸ்’ (துணுக்குகள்), ‘பயோஸ்’ (வாழ்க்கைக் குறிப்புகள்).
6. ‘டிரம்பெட்’ என்ற சொல்லுக்கு நிகரானது: ‘போஸ்ட்’ (பெருமை அடித்துக்கொள்ளுதல்), ‘பிளாஸ்ட்’ (உரக்க ஒலித்தல்).
7. அரசியலில் அதிகம் விவாதிக்கப்படும் தலைப்பெழுத்துகள்: ‘என்.ஆர்.ஏ.’ என்னும் தேசியத் துப்பாக்கிச் சங்கம், ‘ஈ.ஆர்.ஏ.’ என்னும் ஆண் பெண் சமவுரிமைச் சட்டத்திருத்தம்.

ஒவ்வொரு இணையிலும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மட்டுமே மாறுகிறது. பூனையின் முதல் எழுத்து கிளிண்டனின் முதல் எழுத்து. வௌவாலின் முதல் எழுத்து பாப் என்பதன் முதல் எழுத்து. மற்ற ஆறும் இப்படியே.

இங்கே ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஏழு இடங்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு என்றால் மொத்தம் 128 வழிகளில் நிரப்பலாம். மேலிருந்து கீழாகப் படிக்கும் குறிப்புகள் 128-ஐயும் அனுமதிக்கின்றன. நடுவரிசை அவற்றில் இரண்டை மட்டுமே பெயராக ஏற்கிறது. எந்த வேட்பாளர் என்பதைக் கீழிறங்கும் சொற்கள் சொல்வதில்லை. எந்தப் பூனை, எந்த வௌவால் என்பதை வேட்பாளர் பெயர்தான் முடிவு செய்கிறது. வழக்கமாகக் குறுக்குச் சொல் நீளச் சொல்லை உறுதிசெய்யும். இங்கே அந்த உறவு தலைகீழாகிவிட்டது.

இத்தகைய புதிர்களைப் பிற்காலத்தில் ‘ஷ்ரோடிங்கர் புதிர்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். பெட்டியைத் திறக்கும் வரை உயிரோடும் இருக்கிறது, இறந்தும் இருக்கிறது என்று இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் சொன்ன பூனையை ஒட்டிய பெயர் அது.

சிலேடையோடு ஓர் ஒப்பீடு

தமிழ் மாணவர்களுக்கு இரட்டைப் பொருள் புதிதன்று. பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடிய காளமேகப் புலவரைப் பள்ளியிலேயே படித்திருப்போம். சிலேடையில் எழுத்துகள் மாறுவதில்லை, பொருள் இரண்டாகப் பிரிகிறது. சில இடங்களில் சொல்லைப் பிரித்துப் படிக்கும் முறையும் மாறும்.

ஃபாரெலின் புதிரில் விடையின் எழுத்து மாறுகிறது. மாறாமல் நிற்பது குறிப்பு. ஆகவே இங்கே சிலேடை என்று சொல்லத்தக்கவை அந்த ஏழு குறிப்புகளே. அவற்றில் ஒரு சொல்கூட ஒரு பக்கம் சாயக்கூடாது. மூன்றாம் குறிப்பில் ‘சுருக்கமாக’ என்ற சொல்லைப் பாருங்கள். ஐ.ஆர்.ஏ. என்பது தலைப்பெழுத்துச் சுருக்கம். பிரா என்பதும் நீண்ட பிரெஞ்சுச் சொல் ஒன்றின் சுருக்கமே. இருவருக்கும் ஒரே அளவில் நேர்மையாக இருக்கிறது அந்தக் குறிப்பு.

முதல் குறிப்பு காலத்துக்கும் பொருந்துகிறது. ஹாலோவீன் அக்டோபர் 31. ஐந்து நாள் முன்புதான் கொண்டாடியிருந்தார்கள். பூனைப் படமும் வௌவால் படமும் வீட்டு வாசல்களிலிருந்து இன்னும் கழற்றப்படாமல் இருந்திருக்கும்.

குறைகள்

புகழ் பெற்ற புதிர் என்பதால் குறையே இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன.

முதலாவது, இரண்டு வேட்பாளர்களும் ஒரே விதமாகப் பெயரிடப்படவில்லை. ஒருவருக்குக் குடும்பப்பெயர் மட்டும். மற்றவருக்கு முதற்பெயரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. செய்தித்தாளின் தலைப்பு டோல் என்று மட்டும்தான் எழுதும். ஏழு எழுத்து நிறைய வேண்டும் என்பதற்காகப் பாப் வந்திருக்கிறார்.

இரண்டாவது, ஐந்தாம் குறிப்பு மற்றவற்றைவிடத் தளர்வானது. வாழ்க்கைக் குறிப்பைச் சிறு எழுத்து என்பதில் சிக்கல் இல்லை. ‘பிட்ஸ்’ என்ற சொல்லுக்கு எழுத்து என்ற பொருள் உடனே நினைவுக்கு வருவதில்லை.

மூன்றாவது, அத்தேர்தலில் ராஸ் பெரோ என்ற மூன்றாம் வேட்பாளரும் இருந்தார். இரண்டு வாய்ப்புக்கும் இடம் கொடுத்த கட்டத்தில் அவருக்கு இடமில்லை. அவர் வெல்வார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் இரண்டுதான் வாய்ப்பு என்று முடிவு செய்தது புதிர் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

விடையும் விளக்கமும்

புதிர் வெளியானதும் ஷார்ட்ஸுக்கு வாசகர்களின் தொலைபேசி அழைப்புகள் வந்தன. கிளிண்டன் என்று நிரப்பியவர்களில் சிலர், வாக்களிக்கும் முன்பே பத்திரிகை ஒருவரை வெற்றியாளராக அறிவிப்பதா என்று கோபித்தார்கள். டோல் என்று நிரப்பியவர்களோ பெரிய தவறு நடந்துவிட்டதாக எண்ணினார்கள். 1948-இல் ட்ரூமன் வென்ற தேர்தலில் டூயி வென்றதாகச் சிக்காகோ டிரிபியூன் முந்திக்கொண்டு தலைப்பிட்ட வரலாறு அமெரிக்கர்களுக்குத் தெரியும். சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை.

அவர்கள் எல்லோரும் புதிரைச் சரியாகத்தான் விடுவித்திருந்தார்கள். ஒரு கட்டமும் தவறில்லை. இருந்தும் புதிரைப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு விடை கிடைத்தவுடன் நின்றுவிட்டார்கள். தமக்குக் கிடைத்த விடைதான் அமைத்தவரின் கருத்து என்றும் நம்பிவிட்டார்கள். மறுநாள் வெளிவரும் வழக்கமான விடைக்கட்டம் இவர்களுக்கு உதவாது. அது ஒரு பெயரைத்தான் காட்ட முடியும். குறிப்பு எவ்வாறு இரண்டுக்கும் வழிவிடுகிறது என்று எடுத்துச்சொன்னால்தான் புதிரே கண்ணுக்குத் தெரிகிறது.

இதை எழுதும்போது என் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. ஓர் இதழில் வந்த சிறுவர் புதிரைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஆற்றைக் கடக்க உதவுவது, மூன்றெழுத்து. என் கையிலிருந்த விடைத்தாளில் ‘பாலம்’. ஒரு மாணவி ‘ஓடம்’ என்று எழுதியிருந்தாள். குறுக்கே வந்த சொல் ‘கம்பு’. அது வெட்டியது கடைசி ‘ம்’ என்ற எழுத்தை மட்டும். இரண்டு விடையிலும் ‘ம்’ உண்டு. நான் தவறு என்று சுழித்துவிட்டேன். “ஏன் சார், ஓடத்துல போனா ஆத்தைத் தாண்ட முடியாதா?” என்று கேட்டாள். விடைத்தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அவள் எழுதியதில் பிழை இல்லை. பிழை புதிரில் இருந்தது, அதைப் பார்க்காத என்னிடமும் இருந்தது. அந்தச் சிறுவர் புதிருக்கும் ஃபாரெலின் புதிருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அங்கே இரண்டாம் விடை யாரும் கவனிக்காமல் நுழைந்துவிட்டது. இங்கே இரண்டாம் விடைக்காக ஏழு குறிப்புகளும் எடை பார்த்து எழுதப்பட்டன. அந்தப் பொறுப்புத்தான் குறையை நிறையாக்கியது.

செய்து பார்க்க

தமிழில் இப்படி அமைக்க முடியுமா? நம் கட்டத்தில் உயிர்மெய் ஓர் எழுத்தாக நிற்பதால் ஒரு கட்டம் மாறினால் ஓர் அசையே மாறிவிடும். கடினம்தான், ஆனால் இயலாததில்லை. ‘இதிலிருந்து தண்ணீர் மொள்ளலாம்’ என்ற குறிப்புக்குக் ‘குடம்’, ‘குளம்’ இரண்டும் பொருந்தும். நடு எழுத்து மட்டும் மாறுகிறது. ‘தமிழாசிரியர் வகுப்பில் நடத்துவது’ என்றால் ‘பாடம்’, ‘பாடல்’. கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது. இப்படி இன்னும் சில இணைகளை மாணவர்கள் தேடித் தொகுக்கலாம். மாறும் எழுத்துகளைக் கோத்து நடுவரிசையில் இரண்டு பெயர்கள் வருமாறு செய்தால் அது ஒரு நல்ல மொழிப்பயிற்சி.

அதைத் திருத்தும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். விடைத்தாளைப் பார்க்கும் முன் குறிப்பை ஒருமுறை படியுங்கள். அன்றைய தேர்தலில் கிளிண்டன்தான் வென்றார். அதற்காகக் காலையில் டோல் என்று எழுதியவரின் கட்டம் மாலையில் தவறாகிவிடவில்லை. குறிப்பு அவருக்கும் இடம் கொடுத்திருந்தது.