கோக்கக் கோக்க ஆசை

கல்மணி கோப்பதைப் போல மனசுக்கு நிறைவு தரும் கைவேலை இன்னொன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தையல் தெரியும், குரோஷா ஊசி பிடித்திருக்கிறேன், மார்கழியில் வாசலடைக்கக் கோலமும் போடுவேன். எல்லாமே பிடிக்கும்தான். ஆனால் ஒரு சரம் சூதுபவளத்தை அவிழ்த்துத் தட்டில் கொட்டும்போது ஒரு சத்தம் எழுமே, அதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

கல்மணிகள் கடையில் 15, 16 அங்குலச் சரமாகக் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் உருண்டை என்றால் ஒரு சரத்தில் 60-க்கு மேல் மணி இருக்கும். இரண்டு கைச்சங்கிலிக்குத் தாராளம். அந்த அறுபதையும் விரலால் தள்ளித் தள்ளிப் பாருங்கள். ஒன்றில் தேன் நிறம், அடுத்ததில் மாதுளை நிறம், மூன்றாவதில் குறுக்கே ஒரு வெள்ளை ரேகை. கல்லுக்குள் இருக்கும் இரும்புதான் சூதுபவளத்துக்கு அந்தச் சிவப்பைத் தருகிறது. நெருப்பில் வாட்டினால் சிவப்பு இன்னும் ஏறும். செவ்வந்திக்கல்லின் ஊதாவுக்கும் இரும்புதான் காரணம், கூடவே பூமிக்கடியில் பட்ட இயற்கைக் கதிர்வீச்சு. சந்திரகாந்தக்கல்லோ தனி மாயம். இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் மெல்லிய அடுக்குகளாகப் படிந்திருக்க, உள்ளே போன வெளிச்சம் அவற்றில் சிதறி நீலமாகத் திரும்பி வருகிறது. மணிக்கட்டைத் திருப்பினால் அந்த நீலமும் கூடவே நகரும். முதன்முதலில் அதைப் பார்த்தவர்கள் நிலாவைப் பிடித்து வைத்த கல் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை.

துளையையும் பார்க்க வேண்டும். படிகக் குடும்பத்துக் கற்களில் எஃகுக் கத்தியால் கீறினாலும் கோடு விழாது. அவ்வளவு கடினமான கல்லில் தலைமயிர் போன்ற துளையை எப்படிப் போட்டார்கள்? வைரத் துணுக்கு பதித்த முனையால். குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அகேட் மணிகளை அப்படித்தான் துளைக்கிறார்கள். இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பார்கள். மணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், துளைகள் சந்தித்த இடத்தில் மயிரிழை விலகல் சில மணிகளில் தெரியும். அதைக் கண்டுவிட்டால் எனக்கு அந்த மணியின் மேல் பிரியம் இரட்டிப்பாகிவிடும்.

நான் ஈரோட்டுக்காரி. எங்கள் மாவட்டத்திலேயே, சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அங்கே அகழத் தொடங்கியபோது கிடைத்தது ஒரு மணிப் பட்டறையே: உடைத்துப் போட்ட கல், உருட்டிய கல், துளையிடாத மணி, பாதி துளைத்து விட்ட மணி, வழவழவென்று முடித்த மணி. பெரில், நீலக்கல், படிகம், செவ்வந்திக்கல், கார்னெட், சூதுபவளம் எல்லாம் உண்டு. பெரில் பக்கத்திலேயே கிடைக்கும், காங்கயத்தை அடுத்த படியூர் அதற்குப் பேர்போன இடம். சூதுபவளம் குஜராத்துப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பதிற்றுப்பத்தில் பேசப்படும் கொடுமணம் இந்த ஊர்தான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இதே மண்ணில் இதே கற்களை ஒருவர் துளைத்தார், இன்னொருவர் கோத்தார். என் தட்டில் சூதுபவளத்துக்குப் பக்கத்தில் படிகம் உருளும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இனி வெள்ளி. கல் மட்டும் போதும் என்பவர்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒருமுறை போய் வரட்டும். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த பேட்டை. மாங்காய், சலங்கை, தாமரை, மீன் என்று சுண்டுவிரல் நகத்தளவு வெள்ளித் தொங்கல்களை அங்கே கை நிறைய அள்ளிப் பார்க்கலாம். "இந்த மீனைப் பாருங்கக்கா, செதில் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும்" என்று ஒரு பட்டறைத் தம்பி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உண்மையிலேயே தெரிந்தது. நான் 925 முத்திரையுள்ள வெள்ளியையே கேட்டு வாங்குவேன். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. அந்தச் செம்புதான் தொங்கலுக்கு உறுதி தருகிறது. சுத்த வெள்ளி வளைந்து நசுங்கிவிடும்.

சரடில் சின்ன உருவங்களைக் கோத்து அணிவது நமக்கு ஒன்றும் புது நாகரிகம் இல்லை. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தையும் கோத்துக் குழந்தைக்குக் காப்பாகக் கட்டிய ஐம்படைத்தாலி மணிமேகலையிலேயே வருகிறது. நம் அம்மாக்களின் தாலிச் சரடிலும் குண்டு, காசு, மாங்காய், பவளம் என்று வரிசை உண்டு. அக்கா மகளுக்கு நான் செய்த கைச்சங்கிலியில் சந்திரகாந்தக்கற்களுக்கு நடுவே வெள்ளிச் சங்கு ஒன்றைத் தொங்கவிட்டேன். "சித்தி, இதைக் கழட்டவே மாட்டேன்" என்றாள். கழற்றவுமில்லை.

வேலையில் எனக்கு உயிரே கண்ணி வளைப்பதுதான். 0.6 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பியைச் செங்குத்தாக மடக்கி, உருண்டை மூக்குக் குறட்டில் சுற்றி வளையமாக்க வேண்டும். வளையத்தில் தொங்கலை மாட்டி, மிச்சக் கம்பியைக் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று நெருக்கமாகச் சுற்றி, நுனியை வெட்டி உள்ளே அமுக்கினால் முடிந்தது. வளைக்க வளைக்கக் கம்பி இறுகும். அது இறுகுவது விரலுக்கே தெரியும். இந்த வித்தையில் யாரும் எட்ட முடியாத கைகள் கோயில் வாசலில் கடை விரிக்கும் நரிக்குறவர்களுடையவை. பேசிக்கொண்டே, அளவுகோல் இல்லாமல், உத்திராட்சத்துக்கும் படிகத்துக்கும் கம்பிக் கண்ணி போட்டுக்கொண்டே போவார்கள். அத்தனை கண்ணியும் ஒரே அளவாக இருக்கும். பேரம் பேசாமல் வாங்கிவிட்டு நின்று பார்ப்பேன்.

சின்ன வளையத்தைத் திறக்கும்போது இரு நுனிகளையும் அகட்டி இழுக்கக் கூடாது. ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருக வேண்டும். அப்போதுதான் மூடும்போது பழைய வட்டம் திரும்பக் கிடைக்கும். முத்துக்கு மட்டும் பட்டுநூல், ஒவ்வொரு முத்துக்கும் இடையில் ஒரு முடிச்சு. நூல் அறுந்தாலும் சரம் முழுவதும் சிதறாது, முத்தோடு முத்து உரசவும் செய்யாது. எலாஸ்டிக் நூலில் கோத்த கைச்சங்கிலிகளை நான் சிபாரிசு செய்வதே இல்லை. துளையின் விளிம்பு உராய்ந்து நூல் தளர்ந்துவிடும். நல்ல கல்லுக்கு நைலான் பூசிய எஃகிழைதான் மரியாதை.

நிறச் சேர்க்கையில் என் கட்சி இது: கார்னெட்டின் கருஞ்சிவப்பை வெள்ளி தூக்கி நிறுத்தும், தங்கம் அமுக்கிவிடும். செவ்வந்திக்கல்லும் சந்திரகாந்தக்கல்லும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை. ஒரு கைச்சங்கிலிக்கு மூன்று தொங்கலுக்கு மேல் வேண்டாம், கல் மூச்சுவிடட்டும்.

வாங்கும்போது மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கல் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. மலிவான டர்க்காய்ஸ் சரம் பெரும்பாலும் சாயம் ஏற்றிய ஹவ்லைட் என்ற வேறு கல்லாக இருக்கும். செவ்வந்திக்கல்லை வெயிலில் போட்டு வைத்தால் நிறம் மங்கும். காற்றிலுள்ள கந்தகத்தால்தான் வெள்ளி கறுக்கிறது; துளி திருநீறு தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று திரும்பிவிடும். முத்தின் மேலும் பவளத்தின் மேலும் திருநீறு படவேண்டாம், அவை மென்மையானவை.

இதுவரை கோத்ததில்லை என்றால் சூதுபவளத்தில் தொடங்குங்கள். விலை கட்டுப்படியாகும், எளிதில் கீறல் விழாது, எந்தப் புடவைக்கும் பொருந்தும். ஒரு சரம் 6 மில்லிமீட்டர் மணி, கொஞ்சம் எஃகிழை, ஒரு கொக்கி, பிடித்த வெள்ளித் தொங்கல் ஒன்று, ஓர் உருண்டை மூக்குக் குறடு. ஒரே மாலைப்பொழுதில் முடித்துக் கையில் போட்டுக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் பாதிச் சரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கோக்கச் சொல்லுங்கள்.