நண்பனின் காகிதங்கள்

நோக்கம் நல்லதாக இருந்தால் காரியமும் சரியாகிவிடும் என்றொரு நம்பிக்கை நம் எழுத்தாளர்களிடையே இருக்கிறது. அந்தரங்க சுத்தி என்ற சொல்லை எடுத்துப் போட்டதும் விவாதம் நின்றுவிடுகிறது. மாக்ஸ் ப்ராட் விஷயத்தை வைத்துக்கொண்டு இதைச் சற்றுப் பார்க்கலாம்.

காஃப்கா 1924 ஜூன் 3ஆம் தேதி இறந்தார். அவருடைய காகிதங்களுக்கிடையே ப்ராடுக்கு எழுதிய இரண்டு குறிப்புகள் கிடைத்தன. கையெழுத்துப் பிரதிகள், டயரிகள், கடிதங்கள் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்பது சாரம். அச்சாகியிருந்த சில கதைகளுக்கு மட்டும் விலக்கு. ப்ராட் எரிக்கவில்லை. 1925இல் ‘விசாரணை’, 1926இல் ‘கோட்டை’, 1927இல் ‘அமெரிக்கா’ என்று முடிவு பெறாத மூன்று நாவல்களையும் வெளியிட்டார். இன்று நாம் காஃப்கா என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கீழ்ப்படியாமையின் விளைவு.

விளைவைக் காட்டி ப்ராடை நியாயப்படுத்துவது சுலபம். எனக்கு அது ஒப்பவில்லை. 1924இல் அவர் கையில் இருந்தவை காகிதங்கள்தாம். பின்னால் வந்த புகழ் அப்போது இல்லை. தவிர, நானே அந்தக் காகிதங்களால் லாபமடைந்த வாசகன். திருட்டுப் பொருளை வாங்கியவன் திருடனுக்காகச் சாட்சிக் கூண்டேறுவது நன்றாயிராது.

நோக்கத்துக்கு வருவோம். நண்பன்மேல் பிரியம், இலக்கியத்தின்மேல் பக்தி, ஒரு மேதையை உலகுக்குக் காட்டியவன் என்ற பெயர் - இவற்றில் எது எவ்வளவு என்று ப்ராடாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. எரிக்க மாட்டேன் என்று காஃப்காவிடம் முன்பே சொல்லிவிட்டதாக அவர் எழுதினார். அந்தப் பேச்சுக்கு அவர் ஒருவரே சாட்சி. சுயவிசாரணையின் சங்கடமே இதுதான்: குற்றவாளி, வக்கீல், நீதிபதி எல்லாம் ஒரே ஆள். தன் மனசைத் தோண்டி அழுக்கைக் கண்டேன் என்கிறவன்கூடக் கடைசியில் தோண்டியதற்குப் பாராட்டை எதிர்பார்க்கிறான்.

ஆனால் ப்ராட் செய்த ஒரு காரியத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காஃப்கா இறந்த சில வாரங்களுக்குள் அந்தக் குறிப்புகளைப் பெர்லின் பத்திரிகையொன்றில் வெளியிட்டார். ‘விசாரணை’யின் பின்னுரையிலும் சேர்த்தார். தனக்கு எதிரான தஸ்தாவேஜைத் தானே அச்சேற்றினார். யாருக்கும் தெரியாமல் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நோக்கம் எதுவாயினும், தன்னைக் கேள்வி கேட்கும் வசதியை வாசகனுக்குக் கொடுத்தார். இங்கே அவர் சரியாக நடந்தார்.

இதே அளவுகோலால் அவர் தவறிய இடமும் தெரிகிறது. ‘விசாரணை’யின் அத்தியாயங்களைத் தாமே வரிசைப்படுத்தினார். முடியாத அத்தியாயங்களை முதல் பதிப்பில் விட்டுவிட்டார். டயரிகளை வெளியிட்டபோது பல பகுதிகளை நீக்கினார். முழு டயரிகள் 1990இல்தான் ஜெர்மனில் வந்தன. எரிக்காமலிருந்ததைவிட இந்தக் கத்தரிக்கோல்தான் எனக்கு உறுத்துகிறது. இதற்கும் பிரியம்தான் காரணமாக இருந்திருக்கும்.

டோரா டயமண்ட் இன்னொரு வழியில் போனார். காஃப்கா சொன்னபடி, அவர் இருக்கும்போதே சிலவற்றை எரித்தார். மிஞ்சிய நோட்டுகளையும் கடிதங்களையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, ப்ராடிடமிருந்தும் மறைத்தார். 1933இல் கெஸ்டபோ அவற்றை அள்ளிக்கொண்டு போயிற்று. அவர் பிரியத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. நோட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

நம்மில் பலரிடம் மறைந்த நண்பர்களின் கடிதங்கள் இருக்கின்றன. பாதியில் நின்ற கவிதைகள் இருக்கின்றன. ஒருநாள் அவற்றை அச்சுக்குக் கொடுக்கத் தோன்றும். அப்போது என் நோக்கம் சுத்தமா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. பதில் எப்படியும் நமக்குச் சாதகமாகவே வரும். அதைவிட உபயோகமான கேள்வி ஒன்று உண்டு: இதை வெளியிடக்கூடாது என்பதற்கான காரணத்தையும் இதே பக்கத்தில் அச்சிட எனக்குத் தைரியம் இருக்கிறதா? இருந்தால் வெளியிடலாம். இல்லையென்றால் பெட்டியை மூடிவைப்பது நல்லது.