பெயரை மாற்றினால் போதுமா? – ஒரு தீர்ப்பை முன்வைத்து

நீதிமன்றத் தீர்ப்பை இலக்கியப் பிரதி போல வாசிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். "தீர்ப்புல என்னங்க வாசிப்பு? ஜெயிச்சானா தோத்தானா, அவ்வளவுதானே." அவ்வளவு மட்டும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தீர்ப்பும் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்வு செய்கிறது. நம் சிறுகதைகளுக்கு இல்லாத அதிகாரம் அதற்கு உண்டு என்பதால் அதன் மௌனங்களைக் கூடுதல் கவனத்தோடு வாசிக்க வேண்டியிருக்கிறது.

1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த 'திரு. எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்' தீர்ப்பைச் சொல்கிறேன். சென்னை வந்த ஒருவர் இன்னொரு நோயாளிக்காக ரத்தம் கொடுக்க முன்வருகிறார். சோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிகிறது. செய்தி வெளியே போகிறது. நிச்சயமான கல்யாணம் நிற்கிறது. சொந்த சமூகம் ஒதுக்க, ஊரை விட்டே வெளியேறுகிறார். ரகசியம் காக்க வேண்டிய மருத்துவமனை காக்கவில்லை என்று நஷ்டஈடு கேட்கிறார். நீதிமன்றம் மறுத்தது. அந்தரங்க உரிமை முழுமையானது அல்ல, மணக்கவிருந்த பெண்ணின் ஆரோக்கியமான வாழ்வுக்கான உரிமை அதைவிட மேலானது என்றது. அதோடு நிற்காமல், நோய் குணமாகும்வரை அவருடைய திருமண உரிமை 'நிறுத்திவைக்கப்பட்ட உரிமை' என்றும் எழுதியது. திருமணம் பற்றிய கருத்துகள் அந்த வழக்குக்குத் தேவையற்றவை என்று மூன்று நீதிபதிகள் அமர்வு ஒதுக்கிவைக்க 2002 டிசம்பர் ஆயிற்று.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பெண்ணிய நண்பர்கள் இதை அழுத்திச் சொல்வது நியாயம்தான். ஆனால் தீர்ப்புக்குள் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகக் குழைக்கப்பட்டிருக்கின்றன. ஆபத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்வது ஒன்று. ஊருக்கே தெரிந்துபோவது இன்னொன்று. முதலாவதை நியாயப்படுத்திவிட்டு, அந்த நியாயத்தைக் கொண்டே இரண்டாவதையும் மூடிவிடுகிறது தீர்ப்பு. அவரை ஊரை விட்டுத் துரத்தியது எது? அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததா, ஊருக்குத் தெரிந்ததா? இந்தக் கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. பெண்ணின் பெயரால் பேசும் தீர்ப்பில் அந்தப் பெண்ணின் குரலும் இல்லை. வழக்கில் அவர் ஒரு தரப்பே அல்ல.

இந்த மனநிலை திடீரென்று முளைத்ததல்ல. 1989இல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் ரத்ததானம் செய்தவர். தனக்கு என்ன தொற்று என்பதுகூட அவருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. 64 நாள் அடைத்துவைத்தார்கள். சென்னையில் தொற்று கண்டறியப்பட்ட பாலியல் தொழிலாளிப் பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பிறகு 1990இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். நோயாளிக்குத் தன் உடலைப் பற்றித் தெரியாது, அரசுக்குத் தெரியும். அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று ஃபூக்கோவைப் படித்துத் தெரிந்துகொண்ட நமக்கு, அது பக்கத்துத் தெருவில் நடந்தபோது எத்தனை பேருக்கு உறைத்தது?

2017இல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் இந்த இரண்டு காரியங்களையும் பிரித்துப் பார்க்கிறது. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது. துணைவருக்குக் கடும் ஆபத்து இருந்தால், முதலில் நோயாளியிடம் பேசி, அவர் சொல்லமாட்டார் என்பது உறுதியானால், தான் சொல்லப்போவதை அவருக்குத் தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ நேரில் சொல்லலாம். சொல்வதால் ஒரு பெண் அடிபடுவாள், கைவிடப்படுவாள் என்று அஞ்ச நியாயம் இருந்தால் சொல்லக் கூடாது. 1998இன் தீர்ப்பு எழுதத் தவறிய வரிகள் இவை. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஏறியது அரசின் கைக்கு வந்துவிடவில்லை. 2020இல் கொரோனா வந்ததும் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், சென்னையில் தகரம் அடித்தார்கள். உரிய அதிகாரியின் உத்தரவின்றி அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அந்த வருஷ டிசம்பர் வந்துவிட்டது.

'அந்தரங்கம் என்பது நடுத்தர வர்க்கத்தின் கவலை, சோத்துக்கு இல்லாதவனுக்கு எதுக்கு அது?' என்று கூட்டங்களில் தோழர்கள் கேட்டதுண்டு. நானும் அப்படிப் பேசியவன்தான். பிறகு ஒருநாள் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் ஓ.பி. சீட்டைப் பார்த்துவிட்டு, "டி.பி.யா? நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சத்தமாக வந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சொன்ன பக்கம் போகாமல் வெளியே போய்விட்டார். காசு உள்ளவனுக்குத் தனி அறை, கதவு, திரை. இல்லாதவனுக்கு வரிசையும் குரலும். அந்தரங்கம் அவனுக்குத் தேவையில்லாமல் இல்லை, அவனிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது அதுதான். போனவர் மருந்து வாங்காமல் போனார் என்பதையும் பொதுநலம் பேசுகிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது தீர்ப்பின் தலைப்புக்குத் திரும்புகிறேன். 'எக்ஸ்' என்று பெயரை மறைத்தது நீதிமன்றம். ஆனால் உள்ளே முதல் பத்திகளிலேயே அவர் எந்த மாநிலத்தில் என்ன பணியில் இருந்தார், யாரோடு சென்னை வந்தார், கல்யாணத் தேதி எது என்பதெல்லாம் வருகிறது. ஊர்க்காரர் எவரும் ஒரு நிமிஷத்தில் ஆளைச் சொல்லிவிடலாம். அந்த விவரங்களை நான் இங்கே தரப்போவதில்லை. அந்தரங்கம் கேட்டு வந்தவரின் அந்தரங்கத்தை, அதை மறுத்த தீர்ப்பே இன்னொரு முறை வெளியிட்டது.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஏனென்றால் இதே தவறை நான் செய்திருக்கிறேன். ஒரு பெண்ணின் நோயைப் பற்றி, அவருக்கு நேர்ந்த அநீதியைப் பற்றிக் கோபத்தோடு ஒரு கட்டுரை எழுதினேன். 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு நிம்மதியாக இருந்தேன். இதழ் வந்து இரண்டு மாதம் கழித்து அவருடைய தம்பி தேடிக்கொண்டு வந்தார். சண்டை போடவில்லை. "அண்ணே, பேரை மாத்துனீங்க. ஊரை மாத்தலையே. அக்கா பாக்குற வேலைய மாத்தலையே" என்றார். நான் சொல்ல ஆரம்பித்த சமாதானம் எதுவும் வாயை விட்டு வரவில்லை. அவருக்கு நேர்ந்த அநீதிகளின் பட்டியலில் என் கட்டுரையும் சேர்ந்துவிட்டது.

நாம் உண்மை அறியும் குழுவாகப் போகிறோம், அறிக்கை எழுதுகிறோம், அனுபவத்தைக் கதையாக்குகிறோம். நோக்கம் நல்லது என்பதாலேயே உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறோம். மருத்துவமனையும் நீதிமன்றமும் அப்படித்தான் நினைத்தன. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சம்பந்தப்பட்டவருக்குப் படித்துக்காட்டுவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். 'வேண்டாம்' என்று சொன்னால் கிழித்துப்போட வேண்டும், எவ்வளவு நல்ல கட்டுரையாக இருந்தாலும். இரண்டு முறை கிழித்திருக்கிறேன். இரண்டாவது முறை வருத்தமாகத்தான் இருந்தது.