பருத்திப்பட்டுக்குத் துடுப்பு போதும்

ஆவடிக்காரர்கள் பருத்திப்பட்டு ஏரியைப் பற்றிப் பேசும்போது நடைபாதையைச் சொல்வார்கள், மாலைக் காற்றைச் சொல்வார்கள், பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் கிடைத்ததைச் சொல்வார்கள். படகைப் பற்றிய பேச்சு மட்டும் டிக்கெட் விலையோடு முடிந்துவிடும். 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இந்த ஏரியின் பரப்பு சுமார் 87 ஏக்கர். சதுரக் கிலோமீட்டரில் சொன்னால் 0.35. ஏரியை ஒரு வட்டமாக வைத்துக்கொண்டால் குறுக்களவு 670 மீட்டர்தான் வரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் படகு இரண்டே நிமிடத்தில் அக்கரையைத் தொட்டுவிடும். நிதானமாகத் துடுப்பு வலித்தால் அதே தூரத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரே கட்டணத்துக்கு ஐந்து மடங்கு பெரிய ஏரியைத் தரக்கூடிய படகு எது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். வேகம் கூடக் கூட ஏரி சுருங்குகிறது. சிறிய நீர்நிலை வாய்த்த ஊர், தன் ஏரியைத் தானே சுருக்கிக்கொள்வது என்ன ரசனை?

வேகம் வேண்டுவோர் மோட்டார் படகைக் கேட்பதாவது புரிகிறது. அவர்களுக்கு முட்டுக்காடு இருக்கிறது, அங்கே நீரும் நீளம். கால்மிதி படகுக்குக் கிடைக்கும் செல்லம்தான் விளங்கவில்லை. அதில் உழைப்பு முழுவதும் காலுக்கு. கைக்கு இருப்பது நடுவில் ஒரு திருப்புபிடி மட்டும். சக்கரம் அடியில் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், அதன் சத்தத்தில் பக்கத்தில் ஒரு நீர்க்காகம் மூழ்கி எழுந்தாலும் தெரியாது. திருப்பினால் தாமதமாகத் திரும்பும், நிறுத்தினால் நினைத்த இடத்தில் நிற்காது. துடுப்புப் படகில் கைக்கும் நீருக்கும் நடுவே ஒரு மரத்துண்டுதான். வலது துடுப்பை மட்டும் வலித்தால் படகு இடப்பக்கம் திரும்பும். ஒன்றை முன்னுக்கும் மற்றொன்றைப் பின்னுக்கும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுழலும். துடுப்பை நீரிலிருந்து எடுத்ததும் அதன் தட்டையைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, காற்று தடுக்காமல் பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடி நிமிர்த்தி இறக்க வேண்டும். மணிக்கட்டின் அந்தச் சிறு திருப்பத்தைப் பார்த்தாலே வலிப்பவர் பழகியவரா புதியவரா என்று சொல்லிவிடலாம். 1867 முதல் இருந்துவரும் மெட்ராஸ் போட் கிளப்பில் அடையாற்று நீரில் பயிற்சி எடுப்பவர்களும் இந்த மணிக்கட்டுத் திருப்பத்தைப் பழகியாக வேண்டும். இரண்டு வலிப்புக்கு நடுவே படகு தானாக வழுக்கிப் போகும் அந்த ஓரிரு நொடிகள் வேறு எந்தப் படகிலும் கிடைக்காது. எனக்கு மொத்தப் படகோட்டமும் அந்த இடைவெளிதான். இன்னொன்று: துடுப்பு வலிப்பவர் முதுகைப் போகும் திசைக்குக் காட்டி உட்கார்கிறார். கடந்துவந்த கரை முழுதும் அவர் கண்முன்னே மெல்ல விலகும். முன்னால் இருப்பதை அறிய அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். ஏரியின் இரு பக்கத்தையும் இவ்வளவு கவனமாகப் பார்க்கவைக்கும் ஏற்பாடு வேறில்லை.

வடக்கத்திய நாடுகளின் படகுக்காரர்களுக்குச் சின்னத் துடுப்புப் படகின் அருமை புதிதல்ல. நார்வேயின் சோக்னே என்னும் மலையிடைக் கடல்நீட்சி 1,300 மீட்டர் ஆழம் வரை போகிறது. பெரிய கப்பலே உள்ளே நுழையலாம். ஆனாலும் உல்லாசமாகப் போகிறவர்கள் பாய்ப்படகை நங்கூரமிட்டுவிட்டு, அதன் பின்னால் கட்டி இழுத்துவந்த சிறுபடகில் இறங்கித்தான் பாறை ஓரங்களையும் சிறு ஓடை வாய்களையும் தேடிப் போகிறார்கள். ஆழம் இருந்தும் சின்னப் படகு தேவைப்படுகிறது என்றால், ஆழமே இல்லாத நம் நீர்நிலைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும்! பிச்சாவரத்தில் இது கண்கூடு. 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆரைப் பார்த்து அந்த இடத்தைத் தெரிந்துகொண்டவர்கள், சுரபுன்னை வேர்கள் இருபுறமும் நீரில் இறங்கி நிற்கும் குறுகலான கால்வாய்களுக்குள் போக ஆசைப்பட்டால் துடுப்புப் படகில்தான் ஏற வேண்டும். மோட்டார் படகு அகலமான நீரோடு நின்றுவிடும்.

துடுப்புப் படகுக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் கனமானது பாதுகாப்பு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை வட சென்னைப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், மறக்கவும் கூடாது. ஆனால் அந்தச் சாவுகள் சின்னப் படகின் மேல் எழுதப்பட வேண்டியவை அல்ல. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும், உயிர்காப்பு அங்கி இல்லாததும்தான் காரணம். நான்கு பேர் படகில் நான்கு பேர், நால்வருக்கும் அங்கி, கரையில் தயாராக ஒரு மீட்புப் படகு என்றிருந்தால், நாலாபுறமும் கரை தெரியும் ஏரியில் துடுப்புப் படகைவிட நிதானமானது எது? அந்த மீட்புப் படகுக்கு மோட்டார் இருக்கட்டும், அதற்கு மறுப்பில்லை. வயதானவர்களும் குழந்தைகளும் எப்படி வலிப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. வலிக்க ஒருவர் போதும், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கலாம். பாய்மரமே மேலானது என்று சொல்லும் நண்பர்களோடும் எனக்குச் சண்டையில்லை. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் மரபும், ஒற்றையாள் பாய்ப்படகில் ஒலிம்பிக் வரை போன சென்னைப் பெண் நேத்ரா குமணனின் சாதனையும் இந்த நகரத்துக்குப் பெருமை. ஆனால் அதற்குக் கடலும் காற்றும் பல வருடப் பயிற்சியும் வேண்டும். ஞாயிறு காலை ஆவடியில் வீட்டை விட்டு இறங்குகிற ஒரு குடும்பத்துக்குத் துடுப்புதான் எட்டும்.

உண்மையான குறை படகில் இல்லை, படகுத்துறை நடத்தும் முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் படகு இல்லங்கள் பலவும் ராட்டினம் சுற்றிவிடுவதுபோல் படகு விடப் பழகிவிட்டன: ஏறு, ஒரு வட்டம், இறங்கு, அடுத்த ஆள். இருபது நிமிடமோ அரை மணியோ முடிந்ததும் விசில் ஊதி அழைத்தால் துடுப்பு கைக்குப் பழகுவதற்குள் நேரம் போய்விடும். பிறகு துடுப்புப் படகை யாரும் கேட்பதில்லை என்று கணக்குக் காட்டி, அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, மோட்டார் ஒன்றைக் கூட்டுவார்கள். மோட்டார் கிளப்பும் அலை கரையை அரிக்கும், ஆழமில்லாத நீரில் சேறு கிளம்பும், பறவைகள் விலகிப் போகும். பருத்திப்பட்டு இன்னும் அந்த வழியில் வெகுதூரம் போய்விடவில்லை என்றே நம்புகிறேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் துடுப்புப் படகு வாடகைக்கு விடட்டும். புதியவர்களுக்கு முதல் பத்து நிமிடம் வலிக்கக் கற்றுத்தர ஓர் ஆளை வைக்கட்டும். வெயில் ஏறுமுன், காலை 6 மணிக்கே துறை திறக்கட்டும். பகல் 10 மணி வரைக்குமாவது மோட்டார் ஓடாமல் இருக்கட்டும். இதற்குப் புதிய திட்டமோ கோடிகளோ தேவையில்லை. வாடகைப் பலகையில் நான்கு வரி மாற்றி எழுத வேண்டும்.