ஜவுளிக்கடைச் சித்திரங்கள்

பழைய தீபாவளி மலர்களைப் புரட்டுகிறவர்கள் கதைகளையே தேடிச் செல்வது வழக்கமாயினும், இடையிடையே ஜவுளிக்கடைகளுக்காகக் கையால் வரைந்து வெளியிடப்பெற்ற சேலைச் சித்திரங்கள் சற்றே நின்று ரசிக்கத்தக்கவை என்பது என் அபிப்பிராயம். அக்காலத்து மட்டக் காகிதத்தில் புகைப்படம் மங்கிக் கறுத்துப் போகுமாதலால், துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்யும் 'லைன் பிளாக்'கில் தெளிவாக அச்சேறும் மசிக்கோட்டையே விளம்பரக்காரர்கள் நம்பினார்கள். அந்த நிர்ப்பந்தமே கலைக்கு அநுகூலமாயிற்று.

நிறமே இல்லாத இடத்தில், துணியின் சுபாவத்தை மடிப்பு விழும் விதத்தினாலேயே உணர்த்த வேண்டுமல்லவா? பட்டு கோணமாக ஒடிந்து நிற்கும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியிலுள்ள சின்னாளபட்டியின் சுங்குடிப் பருத்தியோ உடம்போடு குழைந்து இறங்கும். முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதால் அதில் விழும் புள்ளிகளைச் சீராக அடுக்கிவிட்டால் சேலை தட்டையாகிவிடும். மடிப்பின் ஓரத்தில் அவற்றை நெருக்கி வைத்தால்தான் உள்ளே ஒரு சரீரம் இருப்பது புலப்படும். (முகங்களெல்லாம் ஒரே சாயலாக இருந்தது வாஸ்தவந்தான், விற்பனைக்கு வந்தது முகமன்றே!)

ஆனந்த விகடன் பத்திரிகையில் சித்திரக்காரராகக் கீர்த்தி பெற்ற கோபுலுவும் பின்னர் இந்த விளம்பரத் துறைக்கே சென்று, 1972-இல் 'ஆட் வேவ்' என்னும் சொந்த நிறுவனத்தையே தொடங்கினார். அங்ஙனம் செல்வதைக் கலையின் வீழ்ச்சியென்று கருதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் பழைய மலர்கள் இருக்குமாயின், எடைக்குப் போடுமுன் விளம்பரப் பக்கங்களை ஒருமுறை பாருங்கள்.